எடுத்துவிட்டால் தீராது

"பிள்ளை பெத்தாச்சு, குடும்பக் கட்டுப்பாடும் பண்ணியாச்சு. இனி அந்தக் கர்ப்பப்பை எதுக்கு? எடுத்துட்டா நிம்மதி." கங்காதர நெல்லூர்ப் பக்கம் நாலு பெண்கள் மனம்விட்டுப் பேசும் இடத்தில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. தமிழிலும் வரும், தெலுங்கிலும் வரும். வட ஆர்க்காட்டோடு சேர்ந்திருந்து 1911-ல் சித்தூர் மாவட்டமான பகுதி இது, இரண்டு மொழியும் இங்கே ஒரே வீட்டில் புழங்கும். மாமியார் மருமகளுக்குச் சொல்கிறார். அக்கா தங்கைக்குச் சொல்கிறார். ஊருக்குள் ஊசி போடும் ஆர்.எம்.பி. எல்லோருக்கும் சொல்கிறார். சொல்கிறவர்களில் பெரும்பாலோர் பிரியத்தோடுதான் சொல்கிறார்கள். இருந்தும் அந்தக் கருத்து தவறு. அதை நம்பி ஆபரேஷன் மேஜைக்குப் போகிற பெண்களில் பலருக்கு, அவர்கள் எதற்காகப் போனார்களோ அந்தத் தொந்தரவு தீருவதில்லை. சிலருக்குக் கூடிவிடுகிறது.

இது ஏதோ ஒரு மண்டலத்துப் பேச்சு என்று ஒதுக்க முடியாது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குள் கர்ப்பப்பையை எடுத்துவிட்ட பெண்கள் இந்திய அளவில் நூற்றுக்கு மூன்று பேருக்குச் சற்று அதிகம். ஆந்திரத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பேர். 2015-16 ஆய்விலும் அப்படித்தான் இருந்தது, 2019-21 ஆய்விலும் அப்படித்தான் இருக்கிறது. ஆந்திரப் பெண்களுக்கு மட்டும் மூன்று மடங்கு வியாதி வர உடலியலில் காரணம் ஒன்றும் இல்லை. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. மணமான பெண்களில் சுமார் 70 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொள்ளும் மாநிலம் இது. அதுவும் இருபதுகளின் நடுவிலேயே. அதன் பிறகு அந்த உறுப்புக்கு வேலை இல்லை என்று குடும்பமும் மருத்துவமும் சேர்ந்து முடிவு செய்துவிடுகின்றன. வேலையில்லாத உறுப்பில் வலி வந்தால் வெட்டுவதுதான் வைத்தியம் என்பது அடுத்த படி.

ஒரு பெண் அந்தப் படிக்கு எப்படி வந்து சேர்கிறாள் என்று பார்க்க வேண்டும். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இருமினால், தும்மினால், சிரித்தால் ஒண்ணுக்கு கசிகிறது. அதை யாரிடமும் சொல்வதில்லை. பழைய புடவையைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்கிறாள். கல்யாண வீட்டுக்குப் போனால் தண்ணீர் குடிப்பதில்லை. தூரத்து பஸ் பயணத்தை ஏதாவது காரணம் சொல்லித் தவிர்க்கிறாள். சில வருடம் கழித்து, பொழுது சாயும் நேரத்தில் அடியில் ஏதோ இறங்கி நிற்கிறது போலக் கனக்கிறது. இடுப்பு வலி, வெள்ளைப்படுதல் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. பத்து வருடம் வாய் திறக்காதவள் ஒரு நாள் தாங்க முடியாமல் சொல்கிறாள். அன்றைக்கே ஸ்கேன். "கர்ப்பப்பை வீங்கியிருக்கு, வாயில புண்ணு இருக்கு, விட்டா கேன்சராகும்." கசிவு, இறக்கம், வெள்ளை, இடுப்பு வலி ஆகிய நான்கும் நான்கு வேறு தொல்லைகள். நான்குக்கும் காரணம் வேறு, வைத்தியம் வேறு. நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே கத்தியிடம் கொடுத்துவிடுகிறோம்.

வெள்ளைப்படுதலுக்குக் கிருமித் தொற்று காரணமாக இருந்தால் பெரும்பாலும் மாத்திரையில் தீரும். கர்ப்பப்பை வாயில் சிவந்து தெரிவதெல்லாம் புற்றுநோய் அல்ல. சந்தேகம் இருந்தால் பரிசோதனை உண்டு, சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் பயத்தை மட்டும் காட்டுவது மருத்துவம் ஆகாது. ராணி பாங், அபய் பாங் தம்பதியின் கட்சிரோலி ஆய்வு 1989-ல் லான்செட் இதழில் வந்தது. இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 92 பேருக்கு ஏதாவது ஒரு பெண்நோய்த் தொந்தரவு இருந்தது. அதற்கு முன் ஒரு முறையாவது பரிசோதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை. இந்தப் புறக்கணிப்பின் மறுபக்கம்தான் இன்றைய அவசர அறுவை. பத்து வருடம் யாரும் கேட்கவில்லை, கேட்ட அன்றைக்கே வெட்டு. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய மருத்துவம் முழுவதும் காணாமல் போயிருக்கிறது.

அந்த நடுவில் என்ன இருக்கிறது? முன்பக்கத்து இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை ஒரு தசைப் படலம் தூளி போலத் தொங்குகிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் தாங்குகிறது. கூடவே சில நார்கள் மேலிருந்து இழுத்துப் பிடித்திருக்கின்றன. பிரசவத்தில் இந்தத் தசை தன் இயல்பைவிடப் பல மடங்கு விரிகிறது. சிலருக்கு எலும்பில் ஒட்டிய இடத்திலிருந்து பிய்ந்துகொண்டும் வருகிறது. நரம்பு நசுங்குகிறது. ஆக, கர்ப்பப்பை இறங்குகிறது என்றால் குற்றம் கர்ப்பப்பையில் இல்லை. அது உட்கார்ந்திருந்த தூளி தளர்ந்துவிட்டது. தூளியை இழுத்துக் கட்டாமல் உள்ளே இருந்ததை மட்டும் எடுத்துவிட்டால் தளர்ந்த தூளி அப்படியேதான் இருக்கும். அறுவையின்போது மேலிருந்து பிடித்த நார்களும் அறுபடுகின்றன. பின்னாளில் சிறுநீர்ப்பையும் யோனியின் மேல்முனையும் இறங்கி வந்து, மறுபடியும் ஆபரேஷனுக்கு நிற்கும் பெண்களைப் பெரிய மருத்துவமனைகளின் மகளிர் பிரிவுகள் நன்றாக அறியும்.

சுவீடனில் கர்ப்பப்பை எடுத்த 1,65,000-க்கும் மேற்பட்ட பெண்களையும், எடுக்காத 4,79,000-க்கும் மேற்பட்டவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2007-ல் லான்செட்டில் வந்தது. சிறுநீர்க் கசிவுக்காகப் பிறகு அறுவை செய்துகொள்ள நேரும் வாய்ப்பு, கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு இரண்டு மடங்குக்கும் அதிகம். கசிவு தீரும் என்று சொல்லி எடுக்கிறார்கள். கசிவு வரும் வாய்ப்பு கூடுகிறது. சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் அடுத்த நாளே மாதவிடாய் நின்ற உடம்பு. முப்பத்தைந்து வயதில் எலும்பு தேய ஆரம்பிக்கிறது, இதயத்துக்கான காப்பு போகிறது, கீழே உள்ள திசுக்கள் மெலிகின்றன. "ஆபரேஷனுக்கு அப்புறம் உடம்பே என்னுது இல்லாத மாதிரி இருக்கு" என்று பெண்கள் சொல்வதை மனப்பிரமை என்று ஒதுக்குகிறவர்கள் இதையெல்லாம் யோசிக்க வேண்டும்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதற்குப் பதில் சொல்லாமல் போகக் கூடாது. "பட்டணத்து அம்மாக்களுக்குப் பயிற்சி சரி. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மாடு கறந்து, புல் அறுத்து, கரும்புத் தோட்டத்துக்கும் மாங்காய் மண்டிக்கும் கூலிக்குப் போகிறவளுக்கு ஏது நேரம்? அவளுக்கு ஒரே தடவையில் முடிகிற வைத்தியம்தான் வேண்டும்." கேட்கும்போது ஏழைப் பெண்ணின் மீதான கரிசனம் போல இருக்கிறது. ஆனால் ஒரே தடவையில் முடிவதாகச் சொல்லப்படும் அந்த வைத்தியம் பல வாரம் சுமை தூக்கக் கூடாது என்கிறது. அந்த வாரங்களில் அவளுக்குக் கூலி யார் தருவது? ஆபரேஷனுக்கு வட்டிக்கு வாங்கிய கடனை அடைக்க அவள்தானே மூன்றாம் வாரமே புல்லுக்கட்டு தூக்குகிறாள்? உள்ளே தைத்த இடம் ஆறுவதற்கு முன்பே தூக்குகிறாள். நேரம் இல்லாத பெண்ணுக்கு மிக அதிகமான நேரத்தைக் கேட்கிற வைத்தியம் அறுவைதான்.

அந்தப் புல்லுக்கட்டையே கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். வரப்பில் கட்டு கிடக்கிறது. தலையில் சும்மாடு வைத்து, குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, மூச்சை உள்ளே அடக்கி, பல்லைக் கடித்து ஒரே தம்மில் எழும்புகிறாள். மூச்சு அடங்கிய அந்த ஒரு கணத்தில் வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம் முழுவதும் கீழே உள்ள தசையின் மேல்தான் இறங்குகிறது. தினம் இரண்டு வேளை, இருபது வருடம். இப்போது அதே பெண்ணுக்கு ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறார்: "எழும்புறதுக்கு முன்னாடி, ஒண்ணுக்கை அடக்குற மாதிரி கீழே இறுக்கி மேல இழு. வாயால காத்தை ஊதிக்கிட்டே எழு. கட்டை ரெண்டாப் பிரிச்சு ரெண்டு நடையா எடு. பக்கத்துல ஆள் இருந்தா கை குடுக்கச் சொல்லு." இதற்கு எவ்வளவு நேரம் தனியாக வேண்டும்? எதுவும் வேண்டாம். வேலைக்குள்ளேயே பயிற்சி இருக்கிறது. இருமலுக்கு முன் இப்படித் தசையை இறுக்கிக்கொள்ளும் உத்தியை அமெரிக்காவில் ஜானிஸ் மில்லர் குழுவினர் 1998-ல் சோதித்தார்கள். ஒரே வாரம் பழகிய வயதான பெண்களிடம் நடுத்தரமான இருமலின்போது ஏற்படும் கசிவு ஏறத்தாழ முழுவதும் நின்றது. பலமான இருமலின்போது சுமார் முக்கால் பங்கு குறைந்தது.

தசைப் பயிற்சி நம்பிக்கையின் பேரில் சொல்லப்படும் வைத்தியமும் அல்ல. ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948-ல் இதை எழுதியதிலிருந்து முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சோதிக்கப்பட்டு வருகிறது. 2018-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வில், இருமினால் கசியும் பெண்களில் பயிற்சி செய்தவர்களுக்குள் நூற்றுக்கு 56 பேர் குணமானதாகச் சொன்னார்கள். எதுவும் செய்யாதவர்களில் 6 பேர். இடுப்பு உறுப்புகளின் இறக்கத்துக்கு 447 பெண்களிடம் நடந்த பாப்பி ஆய்வு 2014-ல் வெளியானது. பதினாறு வாரத்தில் ஐந்தே முறை பிசியோதெரபிஸ்டைப் பார்த்து, வீட்டில் பழகியவர்களின் தொந்தரவு ஒரு வருடம் கழித்தும் மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. ஐந்தே முறை. பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல், கசிவுக்கு முதல் சிகிச்சையாக மூன்று மாதக் கண்காணிப்புப் பயிற்சியையும், தொடக்கநிலை இறக்கத்துக்குப் பதினாறு வாரப் பயிற்சியையும் வைத்திருக்கிறது. பிரான்சில் பிரசவித்த பெண்ணுக்கு இந்தப் பயிற்சியை எழுதிக் கொடுக்கிறார்கள், அரசுக் காப்பீடு பணம் கட்டுகிறது.

வெளிநாட்டுச் சரக்கு என்று யாரும் சொல்ல வேண்டாம். சித்தூரில் பஸ் ஏறினால் வேலூர். விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இரண்டு காலும் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், அங்கே சக்கர நாற்காலியிலிருந்தபடியே மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தார். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மறுவாழ்வு நிலையம் 1966-ல் தொடங்கியது. பக்கவாதம் வந்த கைக்கும், முறிந்து கூடிய காலுக்கும் பயிற்சி தரவேண்டும் என்பதை இந்த வட்டாரத்து மக்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக அறிவார்கள். கால் தளர்ந்தால் காலை வெட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. பிரசவத்தில் கிழிந்த தசைக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் கிடையாது?

இன்னொரு தவறான ஆறுதலும் பரவியிருக்கிறது: சிசேரியன் செய்துகொண்டால் கீழே ஒன்றும் ஆகாது என்பது. 2019-21 ஆய்வின்படி ஆந்திரத்தில் நூறு பிரசவத்துக்கு 42 சிசேரியன். இறக்கம் வரும் வாய்ப்பை அது குறைக்கிறது, உண்மைதான். ஆனால் ஒன்பது மாதச் சுமை தசை மேல் ஏறியது ஏறியதுதான். கசிவு பலருக்குக் கர்ப்ப காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. வயிற்றைக் கிழித்துத் தைத்த பெண்ணுக்கு வயிற்றுத் தசையும் பலவீனம். அவளுக்கும் பயிற்சி கிடைப்பதில்லை.

அதே சமயம், "அப்படியானால் கெகல் பயிற்சி செய்தால் போதும்" என்று யூடியூபைக் காட்டுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. சில பெண்களுக்குத் தளர்ச்சி தொல்லை. வேறு சிலருக்கு இறுக்கம் தொல்லை. தையல் போட்ட இடத்து வலி, பயம், வருடக்கணக்கில் ஒண்ணுக்கை அடக்கிய பழக்கம் ஆகியவற்றால் தசை விறைத்துப் போய், தாம்பத்தியத்திலும் மலம் கழிப்பதிலும் வலிக்கும். அவர்களை மேலும் இறுக்கச் சொன்னால் நோவு கூடும். அவர்கள் முதலில் பழக வேண்டியது தளர்த்துவதை. யாருக்கு எது என்பதைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அதற்குப் பயின்ற பெண் வேண்டும். முழுமையான வைத்தியம் என்ற பெயரில் விற்கப்படும் மூலிகை மாத்திரையும், உள்ளே வைத்துக்கொள்ளும் பொட்டலமும், ஆவி பிடித்தலும் கிழிந்த தசையைச் சேர்க்காது. உள்ளே வைக்கும் பொட்டலம் தொற்றையும் கொண்டுவரலாம்.

அந்தத் தசையை அவளுடைய மற்ற வாழ்க்கையிலிருந்து பிரித்துப் பார்க்கவும் முடியாது. மலச்சிக்கலில் தினமும் முக்குகிற பெண்ணுக்கு எந்தப் பயிற்சியும் நிற்காது. கீரையும் தண்ணீரும் அவளுக்கு மருந்து. ஆனால் தண்ணீரை ஏன் குடிக்கவில்லை? ஆனி, ஆடியில் மாங்காய்க் கூழ் ஆலைகளிலும் மண்டிகளிலும் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள், ஒதுங்க இடமில்லாததால் குடிப்பதில்லை. சிறுநீர் கெட்டிப்பட்டு எரிச்சல் வருகிறது, எரிச்சலால் அவசரம் கூடுகிறது, அவசரத்தால் கசிவு. இந்தப் பெண்ணுக்கான சிகிச்சையில் கழிப்பறையும் ஒன்று. விறகடுப்புப் புகையால் ஓயாமல் இருமுகிறவளுக்கு கேஸ் அடுப்பு ஒரு சிகிச்சை. பச்சை உடம்புக்காரியை மூன்றாம் வாரம் தண்ணிக் குடம் தூக்க வைக்காமல் இருப்பது இன்னொன்று. முப்பதாம் நாள் வரை வெந்நீரும் பத்தியமும் கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் இன்னமும் இங்கே இருக்கின்றன. அந்த ஓய்வை ஆறு வாரம் வரைக்கும் நீட்டுவதும், அதற்குள் நான்கு மூச்சுப் பயிற்சியைச் சேர்ப்பதும் நம் வழக்கத்துக்கு அந்நியமான காரியம் இல்லை.

அறுவையே கூடாது என்று நான் சொல்லவில்லை. புற்றுநோய், எதற்கும் நிற்காத உதிரப்போக்கு, வெளியே முழுவதும் தள்ளிப் புண்ணாகிப் போன கர்ப்பப்பை ஆகியவற்றுக்கு அறுவை உயிர் காக்கும். அந்த நிலைக்கு வந்த பெண்களை வீட்டிலேயே வைத்திருப்பது கொடுமை. செங்கல்பட்டுப் பகுதியில் தலித் பெண்கள் சேர்ந்து 1981-ல் தொடங்கிய கிராமியப் பெண்கள் அமைப்பின் வழியே, சுந்தரி ரவீந்திரனும் தோழியரும் கர்ப்பப்பை இறக்கத்தோடு வாழும் பெண்களிடம் பேசி 1999-ல் எழுதினார்கள். வருடக்கணக்கில் இறங்கிய கர்ப்பப்பையோடு நடவு நட்டு, சுமை சுமந்த பெண்கள் அவர்கள். ஆனால் அறுவைக்கு முன்னால் வளையம் உண்டு: சிலிக்கானில் செய்தது, உள்ளே வைத்தால் கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்கும், பல பெண்கள் தாங்களே எடுத்துக் கழுவி மறுபடி வைத்துக்கொள்ளலாம். அறுவைதான் வழி என்றாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பம்பாயின் ஷிரோத்கரும் புரந்தரேயும், இளவயதிலேயே இறக்கம் காணும் இந்தியப் பெண்களுக்கென்று கர்ப்பப்பையை விட்டுவைத்து மேலே தூக்கிக் கட்டும் அறுவைகளை அரை நூற்றாண்டுக்கு முன்பே வகுத்தார்கள். அவர்கள் பெயரிலேயே அவை பாடப்புத்தகங்களில் இருக்கின்றன. நம் மருத்துவர்கள் கண்டுபிடித்ததை நம் பெண்களுக்கே சொல்லாமல் விடுகிறோம்.

பீகார், ராஜஸ்தான், சத்தீஸ்கரில் காப்பீட்டுப் பணத்துக்காக நடந்த தேவையற்ற அறுவைகள் பற்றி மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில், 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது. மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு அதில் உண்டு. வரவேற்க வேண்டியதுதான், ஆனால் பாதி வேலை. கத்தியைத் தடுத்துவிட்டு, கசிவோடு வந்தவளை வெறுங்கையோடு அனுப்பினால் அவள் அடுத்த ஊர் நர்சிங் ஹோமுக்குப் போவாள். தீர்ப்பு மட்டும் போதாது என்பதற்கு நேபாளம் சாட்சி. 2008-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே கர்ப்பப்பை இறக்கத்தைப் பெண்களின் உரிமைப் பிரச்சினை என்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகும் அரசு அறுவைகளில் காட்டிய முனைப்பைத் தடுப்பில் காட்டவில்லை என்று 2014-ல் ஆம்னெஸ்டி குற்றம் சாட்டியது. இளவயதுத் திருமணமும், பிரசவம் முடிந்த கையோடு சுமை தூக்குவதும் அப்படியே தொடர்ந்தன.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. பிறந்த குழந்தையைப் பார்க்க ஆஷா பணியாளர் வீடு தேடி வருகிறார். கடைசி வருகை 42-ஆம் நாள். குழந்தையை எடை போட்ட கையோடு தாயிடம் இரண்டு கேள்வி கேட்கட்டும்: இருமும்போது கசிகிறதா, அடியில் ஏதாவது இறங்குவது போல இருக்கிறதா? முப்பது வயது கடந்தவர்களிடம் சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய் பற்றிக் கேட்டு நிரப்பும் படிவத்திலும் அதே இரண்டு கேள்வி இருக்கட்டும். ஆமாம் என்கிறவளை ஸ்கேன் சென்டருக்கு அனுப்பாமல் பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் அனுப்பட்டும். மண்டலத்துக்கு ஒருவரை நிரந்தரமாகப் போட முடியாவிட்டால், வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒருவர் வரட்டும். தமிழும் தெலுங்கும் பேசத் தெரிந்தவராக இருக்கட்டும். இந்தச் சங்கதியை மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொண்டு யாரும் பேச மாட்டார்கள். கதவுள்ள ஓர் அறையும், பாயும், இரண்டு மூன்று அளவுகளில் வளையமும் இருந்தால் போதும். வருகிற நேரம் மட்டும் முக்கியம்: காலைப் பாலைச் சென்டரில் ஊற்றிவிட்டு, சாயங்காலக் கறவைக்கு மாட்டை அவிழ்ப்பதற்கு முன்னால், பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில்.